வத்திராயிருப்பு விஞ்ஞானி

ஜவ்வாது மலையிலே காவலூர் என்றோர் ஊர். ஆலங்காயத்தைத் தாண்டி மலைப்பாதை ஏறினால், காட்டுக்கு நடுவே வட்டக் கூரை போட்ட கட்டிடங்கள் தெரியும். வானத்தை ஆராயும் கூடம் அது. 1968-ல் ஒரு சிறு தொலைநோக்கியோடு, 38 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியோடு, அங்கே வேலை தொடங்கிற்று. அந்தத் தொலைநோக்கியும் சீமையிலிருந்து கப்பலேறி வந்ததல்ல. கொடைக்கானல் ஆராய்ச்சிக் கூடத்துப் பட்டறையில் நம்மவர் கைகள் செய்தது. 1986-ல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி வந்தது. 1988-ல் அந்தக் காவலூரிலிருந்து வானத்தில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கோளுக்கு இராமானுஜன் என்று பெயரும் வைத்தார்கள். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயர் வானத்திலே சுற்றி வருகிறது. மெத்த மகிழ்ச்சி!

வானத்தில் ஒரு தமிழன் பெயர் ஏறிவிட்டது. சரி. தரையில் கிடக்கும் பொருளை, உப்பை, துத்தத்தை, பென்சில் கரியை, துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையை எடுத்து, அதற்குள்ளே புகுந்து பார்த்து வந்த இன்னொரு தமிழன் இருந்தான். அவன் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாலைநேரத்து வாசகசாலையில் பத்துத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். இராமன் என்பார்கள், போஸ் என்பார்கள், படித்த தோழர் ஒருவர் சாகா என்பார். கிருஷ்ணன் என்று சொல்ல ஒருவர் இருந்தால் அது வியப்பு.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். கே. எஸ். கிருஷ்ணன் என்று உலகம் அறியும். பிறந்தது 1898 டிசம்பர் 4. ஊர், திருவில்லிபுத்தூருக்கு அருகே மலையடிவாரத்து வத்திராயிருப்பு. தந்தை வேளாண்மை செய்தவர். தமிழும் வடமொழியும் கற்றவர்.

அக்கிரகாரத்துப் பிள்ளையின் கதை நமக்கெதற்கு என்று முகம் சுளிக்கும் தோழரை நான் அறிவேன். சுளிக்க வேண்டாம். காந்த ஊசி சாதி கேட்டு வடக்கு நோக்குவதில்லை. கிருஷ்ணன் கண்ட உண்மை கிருஷ்ணனுடைய தெருவுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒன்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1901-ல் குடிக்கணக்கு எடுத்தபோது, இந்த நாட்டிலே நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவரில்லை. அப்படியானால் அதே மலையடிவாரத்திலே மாடு மேய்த்த பிள்ளைகளுக்குள்ளே, அதே ஊரின் சேரியிலே, எத்தனை கிருஷ்ணன்கள் ஏடு தொடாமலே மாண்டு போனார்கள்? ஒருவர் வந்ததைப் பாராட்டுவோம். வராமற் போனவர்களின் கணக்கையும் மறவாதிருப்போம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

திருவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன்பின் சென்னை கிறித்துவக் கல்லூரி. படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியிலே செய்முறை கற்பிக்கும் சிறு உத்தியோகம், அதுவும் வேதியியல் பிரிவிலே. உத்தியோகம் சிறிது, ஆனால் பகலுணவு இடைவேளையிலே அவரைச் சுற்றி மாணவர் கூட்டம் கூடிவிடுமாம். பௌதிகமோ, கணிதமோ, யார் எதைக் கேட்டாலும் விளக்கம். மற்றக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர் வந்து உட்கார்ந்தார்கள். சம்பளத்தில் சேராத வேலை. கேட்பார் இல்லாமலே செய்த வேலை.

1920-ல் கல்கத்தா போனார். அங்கே திருச்சிராப்பள்ளியிலே பிறந்த இராமன் பேராசிரியராக இருந்தார். 1923 முதல் அவரோடு ஆராய்ச்சி. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-லேயே விஞ்ஞானத்துக்கென்று ஒரு சங்கம் நிறுவி வைத்திருந்தார். அந்தச் சங்கத்துக் கட்டிடத்திலேதான் இவர்களது வேலை.

1928 பிப்ரவரியிலே நடந்ததை உலகமே அறியும். சூரிய ஒளியைப் பாட்டிலில் உள்ள திரவத்தின் மீது பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியிலே புதிய நிறமொன்று கலந்து வருகிறது. அறுபது வகைத் திரவங்களைப் போலச் சோதித்தார்கள். இருட்டறையில் இருந்து, கண்ணை ஒளிக்குப் பழக்கி, மங்கிய தடத்தை நாள்தோறும் நோக்கியவர் கிருஷ்ணன். ஆராய்ச்சியை அறிவித்து லண்டனுக்குப் போன முதற் கடிதத்திலே இராமன், கிருஷ்ணன் என்ற இரு பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு வந்தது. இராமனுக்கு வந்தது. விளைவுக்கும் இராமன் விளைவு என்றே பெயர் நிலைத்தது.

இதை வைத்து இராமனைத் தூற்றுவது என் வேலையல்ல. வழி காட்டியவர் அவர், வினா அவருடையது, பல்லாண்டு உழைப்பும் அவருடையது. ஆனால் ஆலையிலே நிற்கும் தோழனுக்கு நான் விளக்கவா வேண்டும்? துணி நெய்தவன் ஒருவன். துணியின் ஓரத்தில் அச்சிடப்படும் பெயர் வேறொருவனுடையது. கட்டிடத்துக்குக் கல் சுமந்தவள் ஒருத்தி. திறப்பு விழாக் கல்வெட்டிலே இருப்பது வேறு பெயர். அறிவுத் தொழிலிலும் அது உண்டு என்பதைத் தெரிந்து கொள்க. அவ்வளவுதான்.

பரிசு வருவதற்கு முன்னரே, அதே 1928 டிசம்பரில், கிருஷ்ணன் டாக்கா பல்கலைக் கழகத்துக்குப் புறப்பட்டுவிட்டார். சத்தியேந்திரநாத் போஸ் அங்கே பௌதிகப் பேராசிரியர். புதிய ஊர், பெரிய கருவிகள் இல்லை, கூட உழைக்க சில இளைஞர்கள். பிறருடைய வெளிச்சத்தில் நிற்பதை விட்டுத் தனக்கென்று ஒரு துறையை அங்கேதான் அவர் கண்டெடுத்தார். அந்தத் துறை, காந்தம்.

காந்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரும்பு. சேலத்துக் கஞ்சமலையிலும், திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்தி மலையிலும் இருப்பது காந்தத் தன்மையுள்ள இரும்புக் கல். நடுக்கடலிலே காந்த மலை ஒன்று நின்று கப்பலின் ஆணிகளையெல்லாம் பிடுங்கிக் கொண்டதாகப் பழைய கதைகள் சொல்லும். இரும்பு, நிக்கல், கோபால்ட் இவை காந்தத்துக்கு ஓடி வரும், மற்றவை மசியா. இப்படித்தான் நெடுங்காலம் உலகம் நினைத்தது.

அந்த நினைப்பை உடைத்தவர் ஒரு கருமான் மகன். பெயர் மைக்கேல் பாரடே. பதினான்கு வயதிலே புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர். 1845-ல் லண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனிலே, பலத்த மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு கண்ணாடித் துண்டைக் கட்டித் தொங்க விட்டார். கண்ணாடிக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு? உறவு இருந்தது. துண்டு மெல்லத் திரும்பிக் குறுக்கே நின்றது. இரும்பு முனையை நோக்கி நிற்கும். இது முனையை விட்டு விலகி நின்றது. பிறகு பாரடே கைக்கு அகப்பட்டதையெல்லாம் தொங்க விட்டார். முடிவு இதுதான்: காந்தத்துக்கு அடங்காத பொருள் என்று ஒன்றும் இல்லை. இரும்பு போன்றவை பலமாக இழுபடும். அலுமினியம், பிளாட்டினம் போன்றவை அணுவளவு இழுபடும். தாமிரம், வெள்ளி, தங்கம், தண்ணீர், உப்பு, பிஸ்மத் ஆகியவை அணுவளவு விலகும்.

ஏன் இப்படி? நமக்குத் தெரிந்த காட்சியிலே சொல்கிறேன். அணுவுக்குள்ளே எலக்ட்ரான்கள் இருக்கின்றன. சுழலும் மின்சாரம் எங்கே உண்டோ அங்கே காந்தம் உண்டு. ஆகவே பல பொருள்களின் அணுவே ஒரு சின்னஞ்சிறு காந்தம். இரும்பிலே இந்தச் சிறு காந்தங்கள் ஊர்வலத்தில் வரும் தோழர்களைப் போல, அணி அணியாக, ஓர் அணி முழுவதும் ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. வெளியிலிருந்து காந்தம் அழைத்தால் அணிகள் எல்லாம் ஒன்றுசேரத் திரும்பும். அந்தப் பலம்தான் இரும்பின் பலம். அலுமினியத்திலே நிலைமை சந்தைக் கூட்டம். அவரவர் அவரவர் வழி. குரல் கேட்டால் கொஞ்சம் பேர் கொஞ்சம் திரும்புவர், குரல் நின்றதும் கலைவர். தாமிரத்திலும் தண்ணீரிலும் அணுவுக்கென்று தனிக் காந்தமே மிஞ்சுவதில்லை. ஒன்றுக்கொன்று ஈடாகி அடங்கி விடுகின்றன. வெளிக் காந்தம் நெருங்கும்போது உள்ளே ஓடும் மின்சாரம் அதை எதிர்த்துச் சற்றே முறுக்கிக் கொள்கிறது. எதிர்ப்பு மிகச் சிறிது. தண்ணீருக்கு இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு. சிறிதாயினும் எதிர்ப்பு எதிர்ப்பே.

ஊர்வலம் கலைவதும் உண்டு. பட்டறைத் தோழர்கள் கவனிக்கலாம்: இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி 770 டிகிரி தாண்டினால் காந்தம் அதைப் பிடிக்காது. இரும்பு அதேதான், வெப்பம் அணியைக் கலைத்துவிட்டது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தைப் பாருங்கள். அதிலே பெரும்பகுதி இரும்பு. குரோமியமும் நிக்கலும் கலந்தது. நூற்றுக்கு எழுபது பங்கு இரும்பு இருந்தும், நல்ல எவர்சில்வரிலே காந்தம் ஒட்டுவதில்லை. எத்தனை இரும்பு என்பது மட்டும் போதாது. அணுக்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்பதும் வேண்டும். கிருஷ்ணன் பிடித்த நூல் இந்த அடுக்குதான்.

பாரடே கண்டது பெரிய உண்மை. ஆனால் கிருஷ்ணன் கேட்டது அடுத்த கேள்வி. ஒரு படிகத்தை எடுத்துக் கொள்வோம். கற்கண்டு போல முகமும் மூலையும் கொண்ட பொருள். நீளவாக்கில் காந்தத்தை எதிர்க்கும் பலமும், குறுக்குவாக்கில் எதிர்க்கும் பலமும் ஒன்றாக இருக்குமா? இல்லையென்றால், அந்த வித்தியாசம் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் அணுக்களைப் பற்றி நமக்கு ஏதேனும் சொல்லுமா? கல்கத்தாவிலே இருந்தபோதே, காந்தத்தில் வைத்த திரவத்தின் வழியே ஒளி செல்லும் விதம் பற்றி இராமனும் அவரும் 1927-ல் எழுதியிருந்தனர். விதை அங்கே விழுந்தது, டாக்காவிலே முளைத்தது.

அளப்பது எப்படி? எதிர்ப்பே இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலே, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க வேண்டும்! கோடீசுவர நாட்டுக் கருவி வேண்டும் என்று தோன்றும். கிருஷ்ணன் எடுத்தது ஓர் இழை.

பருத்தி இழையல்ல, குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லை உருக்கி இழுத்த, தலைமயிரினும் மெல்லிய இழை. இதை முதலில் இழுத்த கதை சுவையானது. 1887-ல் பாய்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர், உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலிலே ஒட்டி, வில்லை வளைத்து எய்தார். அம்பு பறந்த தூரமெல்லாம் இழை நீண்டது. வேட்டைக்காரனின் வில் விஞ்ஞானிக்குத் தறியாயிற்று.

அந்த இழையின் நுனியிலே சிறு படிகத்தை ஒட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்க விட வேண்டும். படிகம் தனக்கு ஏற்ற திசையிலே திரும்பி நிற்கும். இனி மேலே இழையின் தலையைத் திருகுகிறோம். இழை முறுக்கேறுகிறது, படிகத்தை இழுத்துப் பார்க்கிறது. காந்தம் விடமாட்டேன் என்கிறது. இன்னும் திருகு, இன்னும் கொஞ்சம் முறுக்கு. படிகம் சிறிது சிறிதாக நகர்கிறது. நாற்பத்தைந்து டிகிரி நகர்ந்த இடத்திலே காந்தத்தின் பிடி உச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் பிடி தளரும். அந்த எல்லையில் ஒரு மயிரிழை கூடுதலாகத் திருகினால், படிகம் சட்டென்று பிடி விட்டுச் சுழன்று விடுகிறது! எத்தனை சுற்றுத் திருகியபோது சுழன்றது என்று எண்ணினால் போதும். கணக்கு விடை சொல்லும். கயிறு இழுக்கும் போட்டியிலே எந்த நொடியில் எதிரணி சாய்ந்தது என்று பார்த்து அதன் பலத்தைச் சொல்வது போல. பானர்ஜி, குகா என்ற வங்க இளைஞர்கள் அவரோடு உழைத்தார்கள். வெளியிட்ட கட்டுரைகளிலே அவர்கள் பெயரும் உண்டு. உழைத்தவன் பெயரை விடக்கூடாது என்பதைக் கிருஷ்ணனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எதைத் தொங்க விட்டார்? பாச்சை உருண்டையை, அதாவது, அந்த உருண்டைக்குரிய நாப்தலீனைப் படிகமாக்கி. நாப்தலீன் மூலக்கூறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையங்களால் ஆனது. ஆறு பெண்கள் வட்டமாய்க் கைகோத்துக் கும்மியடிப்பது போன்ற வளையம். நாப்தலீனிலே இரண்டு வட்டங்கள் ஒட்டி நிற்கும். இந்த வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் ஓட முடியும். ஆகவே வட்டத்துக்கு நேர் மேலேயிருந்து காந்தம் வந்தால் எதிர்ப்பு அதிகம். பக்கவாட்டில் வந்தால் குறைவு. எனவே எந்தப் பக்கத்தில் எதிர்ப்பு அதிகம் என்று இழை சொல்லிவிட்டால், படிகத்துக்குள்ளே அந்தத் தட்டை மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். படிகத்தை உடைக்கவில்லை, அறுக்கவில்லை, உருப்பெருக்கியில் வைக்கவில்லை. வெளியிலே இழை முறுக்கினார். உள்ளே அணு நின்ற கோலம் தெரிந்தது! எக்ஸ்ரே கொண்டு படிகங்களை ஆய்ந்தவர்களுக்கு இது கைவிளக்காயிற்று.

பென்சில் கரியைப் பார்த்தார். கிராபைட் அது, கரி அணுக்கள் வலைபோல் பின்னித் தாள் தாளாய் அடுக்கியது. தாளுக்குக் குறுக்கே அது காந்தத்தை எதிர்க்கும் பலம், தாளின் வாக்கில் எதிர்ப்பதைப் போல நாற்பது மடங்கு! சிறுவன் பலகையில் கிறுக்கும் கரிக்குள்ளே இவ்வளவு. மயில்துத்தத்தைப் பார்த்தார், அந்த நீலப் படிகத்திலே தாமிர அணு காந்தமாகவே இருக்கிறது, அக்கம்பக்கத்து அணுக்கள் அதை எப்படி நெருக்குகின்றன என்பதை முகர்ஜி என்ற மாணவரோடு அளந்தார். அமெரிக்காவிலே வான் விளெக் என்ற அறிஞர் இப்படிப்பட்ட படிகங்களுக்குக் கொள்கை வகுத்து வந்தார். பின்னாளில், 1977-ல், நோபல் பரிசு பெற்றவர். கொள்கையை உரசிப் பார்க்கக் கல் வேண்டுமல்லவா? டாக்காவிலும் கல்கத்தாவிலும் எடுத்த அளவுகள் அந்த உரைகல்லாயின.

இங்கே ஓர் இடைச் சொல். காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தச் செருப்பு என்று சந்தையிலே விற்கிறான் ஒருவன். ரத்தத்திலே இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட வைக்கும், நோய் பறந்து போகும் என்கிறான். நாள் முழுதும் மூட்டை தூக்கி மூட்டு வலி கண்ட தோழர், ஒரு வாரக் கூலியைக் கொடுத்து வாங்கிக் கட்டிக் கொள்கிறார். 1936-ல் பாலிங், கோரியெல் என்ற இரு அமெரிக்கர்கள் ரத்தத்தையே காந்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிராணவாயு ஏறிய ரத்தத்தின் செம்பொருள் காந்தத்தால் இழுபடவில்லை, சற்றே விலகுகிறது! பிராணவாயு நீங்கியபின் கொஞ்சம் இழுபடுகிறது. அதுவும் அலுமினியக் கணக்கைச் சேர்ந்த நுண்ணிய இழுப்புத்தான். பெரிய மருத்துவமனையிலே எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் ஆளையே படுக்க வைக்கிறார்கள். அந்தக் காந்தத்தின் முன்னே வளையல் காந்தம் தூசு. அதற்குள்ளே படுத்தவர் எவருடைய ரத்தமும் எந்திரத்தின் சுவரில் போய் ஒட்டிக் கொண்டதில்லை. மூட்டு வலிக்கு டாக்டரைப் பாருங்கள். கூலியை வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

கிருஷ்ணன் 1933-ல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். இராமன் பெங்களூர் சென்றுவிட்ட ஆண்டு அது. முன்பு உதவியாளராக நுழைந்த அதே சங்கத்தில் இப்போது மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவி.

அப்போது லண்டனில் காத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி இதே துறையிலே ஆராய்ந்து கொண்டிருந்தார். அயர்லாந்திலே பிறந்தவர், தபால் நிலைய அதிகாரி ஒருவருக்குப் பிறந்த பத்துப் பிள்ளைகளில் கடைசி. கரி வளையம் தட்டையானது என்று எக்ஸ்ரே கொண்டு 1929-ல் மெய்ப்பித்தவர் அவரே. பாரடே வேலை பார்த்த அதே இராயல் இன்ஸ்டிடியூஷனிலே அவருக்கும் வேலை. கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் கடல் குறுக்கே இருந்தாலும், 1936-ல் இருவர் பெயரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. படிகத்தின் காந்த குணமும் மூலக்கூறின் உருவமும் பற்றிய கட்டுரை. அந்த அம்மையார் பின்னர் 1943-ல், போர்க்கால வேலைக்குப் பதிவு செய்து கொள்ள மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்து, ஒரு மாதம் சிறையிருந்தார். 1945-ல் இராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக்கியபோது தேர்ந்த இருவரில் அவர் ஒருவர். சிறை கண்டவருக்குச் சிறப்பு வருவது நமக்குப் புதிதல்ல.

1937-ல் கிருஷ்ணன் இங்கிலாந்து சென்றார். அணுவைப் பிளந்த ரூதர்போர்டின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையிலே பேசினார். லண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனிலும் பேசினார். பாரடே கண்ணாடித் துண்டைத் தொங்க விட்ட அந்தக் கட்டிடத்திலே, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, வத்திராயிருப்பு மனிதர் நின்று, தொங்கவிட்ட படிகத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லிக் கொடுக்கும் இடத்திலே நம்மவர் நின்றார், கைகட்டிக் கேட்கும் இடத்திலே அல்ல.

1940-ல் இராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத் பல்கலைக் கழகப் பேராசிரியர். 1946-ல் வெள்ளைக்காரன் போகிற போக்கிலே கொடுத்த சர் பட்டம். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் பட்நாகர் பரிசு, அந்தப் பரிசு தொடங்கிய ஆண்டிலேயே. பட்டங்களை இத்தோடு விடுவோம்.

1947-ல் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் தலைமை அவரிடம் வந்தது. தில்லியிலே அந்த ஆண்டு ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரியில் பட்டேல் திறந்து வைத்தார். முதல் டைரக்டர் கிருஷ்ணன். அந்தச் சாலை செய்யும் வேலை நம் அன்றாட வாழ்வோடு ஒட்டியது. ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று நாட்டுக்கே அளவுகோல் வைத்திருப்பது அது. பலம், வீசை, சேர், படி என்று ஊருக்கு ஓர் எடையும் வியாபாரிக்கு ஓர் அளவுமாய் ஏழையை ஏய்த்த காலத்துக்கு முடிவு கட்ட, 1956-ல் சட்டம் வந்தது; 1958 முதல் கிலோவும் கிராமும் கடைத்தெருவுக்கு வந்தன. நியாயமான தராசு கேட்பவன் ஏழை. அந்தத் தராசுக்கு மூலப்படிக்கல்லைக் காத்தது கிருஷ்ணன் தலைமை தாங்கிய கூடம்.

அங்கேயும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. சூடேறிய கம்பியிலிருந்து எலக்ட்ரான் எப்படிப் புறப்படுகிறது என்பதைக் கடைசி ஆண்டுகளில் ஆய்ந்தார். தமிழை மறந்தாரா? மறக்கவில்லை. தமிழிலே விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர் அவர். தமிழில் விஞ்ஞானம் வருமா, சொல் இருக்கிறதா என்று வாய்ப்பந்தல் போடுவோர் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். காந்தம் நம் சொல். படிகம் நாம் புழங்கும் சொல். இழை, முறுக்கு, அடுக்கு, வளையம் எல்லாம் நம் தறியிலும் பட்டறையிலும் அடுப்படியிலும் கிடக்கும் சொற்கள். டாக்காவில் நடந்த சோதனையை மேலே எழுதிக் காட்டியிருக்கிறேன். புரிந்ததா இல்லையா என்பதைத் தோழர்களே சொல்லட்டும். புரியவில்லையானால் குறை என்னுடைய பேனாவில் இருக்கும், தமிழில் இராது.

1961 ஜூனில் தில்லியிலே கிருஷ்ணன் மறைந்தார். வயது அறுபத்திரண்டு. ஆராய்ச்சிச் சாலை இருக்கும் சாலைக்கு இன்று டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் பெயர். இராயல் சொசைட்டிக்காக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் இருவர்: ஒருவர் அணுசக்தித் துறையைக் கட்டிய பாபா; மற்றவர் கடலுக்கு அப்பாலிருந்து அவரோடு ஆராய்ந்த லான்ஸ்டேல் அம்மையார். 1967-ல் அது அச்சேறியபோது பாபாவும் உயிரோடில்லை.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1962-ல், பொதுத் தேர்தல். ஒருவனே இரண்டு முறை வாக்குப் போடாதிருக்க விரலிலே வைக்கும் அழியாத மை அந்தத் தேர்தல் முதல் மைசூரிலே செய்யப்படுகிறது. மைக்கு முறை வகுத்துக் கொடுத்தது, கிருஷ்ணன் முதல் டைரக்டராக இருந்த அதே ஆராய்ச்சிச் சாலை. வெள்ளி உப்பு கலந்த மை அது. தோலில் பட்டு வெளிச்சம் கண்டதும் கறுக்கும். வாக்குச் சாவடிக்கு வெளியே வெயிலில் நின்று, வருகிறவர் விரலையெல்லாம் பார்த்துக் கணக்கெடுக்கும் நம் தோழர்களுக்கு அந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும்.